வாளியில் பால் ஊற்றியது யார்?

அத்தியாயம் ஐந்து

"ஒரு வாளிக்கு முன்னாடி மண்டி போட்டவன் அப்புறம் எழுந்திருக்கறதே இல்ல, பூர்கி. எழுந்து நடக்கற மாதிரி தெரியும். ஆனா உள்ளுக்குள்ள மண்டி போட்டபடிதான் இருப்பான். வீட்டுல பீர் காய்ச்சற அத்தனை பேரும் அந்த ரகம். இந்தப் பவேரியாவுல வாளிக்கு மண்டி போடாத ஆம்பளை இன்னும் ஒருத்தர்தான் பாக்கி."

இதைச் சொன்னவர் துப்பறிவாளர் ஆம்ப்ரோஸ் ஸ்டெக்மாயர். அந்த ஒருத்தர் யார் என்று கேட்கப்படுவதற்காக அவர் இரண்டு வளைவு வரை காத்திருந்தார். காரை ஓட்டிக்கொண்டிருந்த உதவியாளர் பூர்கி கேட்கவில்லை. நான்கு வருடத்தில் அவள் கற்றுக்கொண்ட முக்கியமான துப்பறியும் உத்தி அது.

"கேக்க மாட்டியா?"

"எனக்கு ஒருத்தர் மேல சந்தேகம் இருக்கு பாஸ். ஆதாரம் கிடைக்கட்டும்."

ஸ்டெக்மாயர் இருபத்திரண்டு வருடம் உணவுச் சுகாதார ஆய்வாளராக இருந்தவர். மாவட்டத்திலுள்ள அத்தனை சாப்பாட்டு விடுதிகளின் சமையலறையையும் பின்வாசல் வழியாகப் பார்த்தவர். வெளியில் சாப்பிடுவதையும் மனிதர்களை நம்புவதையும் ஒரே நாளில் நிறுத்தினார். மறுநாள் துப்பறியும் அலுவலகம் திறந்தார். பூர்கி அதற்கு முன்னால் தபால் நிலையத்தில் இருந்தாள். பிரிக்கக் கூடாத உறைகளைப் பற்றிய ஆர்வம்தான் அவளை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தது.

ஆல்ட்ஹைமிங் ஊரில் தேவாலயத்துக்கு எதிர்ச்சந்தில் மூன்று மாடி வீடு. கதவைத் திறந்த க்விரின்தான் அவர்களை வரவழைத்தவன். பஸ் ஓட்டுநர் சீருடையில் இருந்தான். வயது இருபத்தாறு. நான்கு நாளாகத் தூங்காத முகம்.

"கீழ போலாமா?" என்றான். போக வேண்டிய அவசியமே இல்லை. வாடை மேலே வந்து கைகுலுக்கியது.

ஈரக் காலுறையைப் பாலில் ஊறவைத்து, அந்தப் பாலை ஒரு குழந்தைக்குக் கொடுத்து, அந்தக் குழந்தையை மலைப்பாதையில் பஸ்ஸில் கூட்டிப்போனால் மூன்றாவது வளைவில் என்ன வாடை வருமோ, அந்த வாடை. பூர்கி வாயால் மூச்சு விட்டுப் பார்த்தாள். இப்போது அதற்குச் சுவையும் இருந்தது.

நிலவறையில் விளக்குப் பொத்தானை அழுத்தினால் ஒன்றரை நிமிடம் எரியும். பிறகு தானே அணைந்துவிடும். அந்த ஒன்றரை நிமிடத்தில் அவர்கள் பார்த்தது ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வாளி. முப்பது லிட்டர். அதற்கு ஒரு குளிர்ச்சட்டை போட்டிருந்தது. சட்டையின் இரண்டு கைகளையும் முன்பக்கம் கொண்டுவந்து முடிச்சுப் போட்டிருந்ததால், ஏதோ தவறு செய்துவிட்டுக் கைகட்டி நிற்கிற மாதிரி இருந்தது வாளி.

க்விரின் முடிச்சை அவிழ்க்க மண்டி போட்டான். ஸ்டெக்மாயர் பூர்கியைப் பார்த்தார். நீதிபதி சாட்சியைப் பார்ப்பது போன்ற பார்வை.

"வெப்பம் குறையக் கூடாதுங்க. இருபது டிகிரிக்குக் கீழ போனா ஈஸ்ட் தூங்கிடும்."

"சட்டை போட்டு கைகட்டி விட்டா யாருக்கும் தூக்கம்தான் வரும்" என்றாள் பூர்கி.

அவன் மூடியைத் திறந்தான்.

சாம்பலும் மஞ்சளும் கலந்த திரவம். மேலே ஆடை மாதிரி ஒரு தோல், சுருக்கம் விழுந்து. அதற்குக் கீழே வெள்ளைத் துணுக்குகள், ஒன்றையொன்று தெரியாதவை போல மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தன. ஒரு குமிழி எழுந்து, தோலைத் தூக்கி, உடையலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு உடைந்தது. பூர்கி பின்வாங்கினாள். சுவர் இருந்தது.

"பால்" என்றான் க்விரின். "திரிஞ்சிருக்கு பாருங்க. இந்த அறைக்கு ரெண்டே சாவி. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு பார்ட்டில்கிட்ட. பார்ட்டில் வேலை பாக்கறது பால் பதப்படுத்தற ஆலையில. கோதுமை பீர் காய்ச்சப் போறேன்னு சொன்னப்பவே சிரிச்சான். எதுக்குக் கஷ்டப்படறே, நான் மோர் தரேன், ரெண்டும் ஒரே கலங்கல்தானேன்னான்."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். சத்தமா கேட்டேன். இல்லன்னான்." க்விரின் வாளியைப் பார்த்தே பேசினான். "மூணு வயசுலேர்ந்து கூட்டாளிங்க. அவன் பொண்ணு அஃப்ராவுக்கு நான்தான் ஞானத்தகப்பன். மூணு வாரத்துல ஞானஸ்நானம், அன்னிக்கு எல்லாருக்கும் ஊத்தத்தான் இதைக் காய்ச்சினேன். ஞானத்தகப்பன் பேரை இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள எதிர்ல தேவாலயப் பங்கு அலுவலகத்துல குடுக்கணும். அவன்தான் பண்ணினான்னு நீங்க சொன்னா, நான் போகப் போறதில்ல."

"பண்ணலன்னு சொன்னா?"

விளக்கு அணைந்தது. இருட்டில் வாளி ஒரு தடவை ஏப்பம் விட்டது.

பூர்கி பொத்தானைத் தேடி அழுத்தியபோது ஸ்டெக்மாயர் கையில் ஒரு கரண்டி இருந்தது. அதை அவளிடம் நீட்டினார்.

"நான் எதுக்கு?"

"என் நாக்கு ஓய்வு பெற்ற நாக்கு."

பூர்கி கண்ணை மூடிக்கொண்டாள். திரவம் நாக்கில் வழுக்கியது. துணுக்கு ஒன்று பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது.

"முதல்ல புளிப்பு. அப்புறம் அசட்டு இனிப்பு. அப்புறம் வருத்தம்."

"கோதுமை பீர் ஈஸ்ட்டுன்னா வாழைப்பழ வாசனை வரணும், கிராம்பு வரணும். வருதா?"

"இல்ல. இருந்திருந்தா கட்டிப் பிடிச்சிருப்பேன்."

ஸ்டெக்மாயர் கைவிளக்கை வாளியின் உட்சுவரில் அடித்தார். திரவத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குச் சுத்தமான வெள்ளைச் சுவர். அதைப் பார்த்துத்தான் அவர் முகம் சுளித்தார்.

"இவ்வளவு சுத்தமா இருக்கே, இதுதான் எனக்கு அருவருப்பா இருக்கு. கோதுமை பீர் ஈஸ்ட் உள்ள போனா முதல் நாளே நுரை மூடியை முட்டும். இறங்கும்போது பழுப்பா, பிசுபிசுன்னு ஒரு வளையம் விட்டுட்டு இறங்கும். வருஷத்துக்கு ஒரு தடவை குளிக்கறவனோட தொட்டி விளிம்பு மாதிரி. இங்க வளையம் எங்க?"

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் பாஸ்?"

"எதிரியைப் பத்தி எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கணும்."

க்விரின் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குறிப்பு. பூர்கி உரக்கப் படித்தாள். "சனி இரவு எட்டு, நுரை இல்லை. பத்து, நுரை இல்லை. பன்னிரண்டு, நுரை இல்லை, காது வைத்துக் கேட்டேன், ஏதோ சொல்ல வருகிறது. ஞாயிறு காலை ஆறு, புளி வாடை. என் மனப்பிரமையோ?"

"பார்ட்டில் எப்ப வந்தார்?" என்றார் ஸ்டெக்மாயர்.

"திங்கக்கிழமை. வெப்பம் பாக்கச் சொல்லி நான்தான் அனுப்பினேன்."

"ஞாயித்துக்கிழமையே புளிச்சதை திங்கக்கிழமை வந்தவர் எப்படிக் கெடுப்பார்?" என்றாள் பூர்கி.

"சாவி இருக்கே. சனிக்கிழமையே வந்திருக்கலாம்." சொல்லிவிட்டு க்விரின் தலையைக் குனிந்துகொண்டான். நான்கு நாளாக அவன் அந்தச் சாவியையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான் என்பது தெரிந்தது.

"பாலை விடுங்க. ஈஸ்ட் எங்கேர்ந்து வந்தது?"

"பீர் ஆலை பின்வாசல். எல்லாரும் அங்கதானே வாங்குவாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழுவின ஜாம் பாட்டில் கொண்டுபோனேன், நிரப்பிக் குடுத்தாங்க. வெளிய இருக்கற பொது அலமாரியில வச்சேன், அங்கதான் குளுமை. சனிக்கிழமை ராத்திரி எடுத்து ஊத்தினேன்."

"மோந்து பாத்தீங்களா?"

"இல்லீங்க. ஊத்தற நேரம் பாத்து லைட் அணைஞ்சு போச்சு. குழகுழன்னு விழுந்தது. ஈஸ்ட் குழகுழன்னுதானே இருக்கும்? எனக்கு இதுதான் முதல் தடவை."

பொது அலமாரியில் பத்துப் பன்னிரண்டு ஜாம் பாட்டில்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட மூடி. இந்த மாவட்டத்தில் வேறு மூடி போட்ட ஜாம் பாட்டிலை யாரும் பார்த்ததில்லை. பூர்கி அலமாரிக்குப் பின்னால் கையை விட்டாள். சிலந்தி வலை, ஈரம், பெயர் தெரியாத ஏதோ மெத்தென்ற ஒன்று, கடைசியில் ஒரு காகிதம். அறுந்த நூல் ஒன்று அதில் தொங்கியது. பாதியைப் பூச்சி தின்றிருந்தது.

"ஐந்தாம் நாள் எனக்குப் பசிக்கும், உணவு கொடு" என்று படித்தாள். "பத்தாம் நாள் என்னை நான்காகப் பிரி. மூன்று பங்கை மூன்று நண்பர்களுக்குக் கொடு. மீதியை நீ... அதுக்கு மேல இல்ல."

க்விரின் முகம் வெளுத்தது. "இது பார்ட்டில் கையெழுத்து இல்ல" என்றான். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

பூர்கிக்கு இதை எங்கேயோ படித்த ஞாபகம். நல்ல ஞாபகமில்லை என்பது மட்டும் உறுதி. ஸ்டெக்மாயர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். வாளியைப் பார்த்தபோதுகூட அவர் முகம் இப்படிப் போகவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இந்த வீட்டுல கேட்காமலே கேக் குடுக்கறவங்க யாரு?"

"ரெண்டாவது மாடி அம்மா, ஃப்ராவ் லோய்ட்னர்."

மணி நாலு பத்து.

பிலோமினா லோய்ட்னர் பல் மருத்துவரிடம் வரவேற்பாளர். வயது ஐம்பத்திரண்டு. பல்லைப் பிடுங்கப் போகிறவர்களிடம் இருபது வருடம் பேசிப் பேசி, எல்லோரையும் சமாதானப்படுத்துகிற குரல் அவருக்கு அமைந்துவிட்டது. வந்த காரணத்தைச் சொல்வதற்குள் மூன்று தட்டில் கேக் வந்துவிட்டது.

"உக்காருங்க, காபி ஆறிடும். க்விரின், உங்க முகமே சரியில்ல. கீழ அந்த நாத்தத்துல இருந்தா எப்படி நல்லா இருக்கும்? வீடு பூரா வருது."

ஸ்டெக்மாயர் வெளியில் சாப்பிடாதவர். க்விரின் தட்டைத் தள்ளிவைத்தான். பூர்கி கடித்தாள். பழுப்பாக, கனமாக, நடுவில் வேகாத களிமண்ணாக இருந்தது. மாத்திரையை மென்ற மாதிரி ஒரு கசப்பு நாக்கின் பின்பக்கத்தைப் பிடித்தது. விழுங்கியதும் மூக்கு வழியாக வேறொரு வாசனை வந்தது.

"வாழைப்பழம் போட்டிருக்கீங்களா?"

"வாழைப்பழமா? எனக்கு ஆகாதுங்க. இந்த வீட்டுக்குள்ள வந்ததே இல்ல."

ஸ்டெக்மாயர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உங்க பிரிட்ஜைத் திறந்து பாக்கலாமா?"

"எதுக்கு?"

"இருபத்திரண்டு வருஷப் பழக்கம்."

பிலோமினாவின் முகம் சிவந்தது. "இன்னொரு நாள் பாருங்களேன். நேத்து வேலையிலேர்ந்து வந்து பாதிதான் துடைச்சேன். அவன் வெளிய வந்துட்டான். மூடியைத் தள்ளிட்டு, வெண்ணெய், முட்டை, ஹாம், எல்லாத்து மேலயும். பழுப்பா, நுரை நுரையா. இத்தனை வருஷத்துல ஹெர்மான் இப்படி நடந்துக்கிட்டதே இல்ல."

"யாரு ஹெர்மான்?" என்றான் க்விரின்.

பூர்கிக்கு ஞாபகம் வந்துவிட்டது. கேக் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

ஹெர்மான் ஆள் இல்லை. மாவு, சர்க்கரை, பால் மூன்றையும் கலந்து பாட்டிலில் புளிக்கவைக்கிற ஒரு கூழ். தினம் கிளற வேண்டும். பாலும் சர்க்கரையும் கொடுத்து வளர்க்க வேண்டும். பத்தாம் நாள் நான்காகப் பிரித்து, ஒன்றில் கேக் சுட்டுக்கொண்டு, மூன்றை அக்கம்பக்கத்தில் கொடுக்க வேண்டும். கூடவே ஹெர்மானே எழுதியது போல ஒரு கடிதத்தை நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும். கொடுப்பவருக்கு அது அன்பு. வாங்குபவருக்குப் பத்து நாள் சிறை. தபால் நிலையத்தில் பூர்கிக்கு ஒரு சக ஊழியர் கொடுத்தார். மூன்றாம் நாள் அவள் அதைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விட்டாள். அது போகாமல் ஒரு தடவை திரும்பி வந்து அவளைப் பார்த்தது.

ஸ்டெக்மாயர் பிரிட்ஜைத் திறந்தார். உட்சுவரில், துடைத்த பாதிக்கும் துடைக்காத பாதிக்கும் நடுவில், காய்ந்துபோன ஒரு பழுப்புக் கோடு.

"தொட்டி விளிம்பு" என்றாள் பூர்கி.

"கீழ காணாம போன நுரை, ரெண்டாவது மாடியில கிடைச்சிருக்கு." அவர் கதவை மூடிவிட்டு, அதே கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "ஃப்ராவ் லோய்ட்னர், போன வெள்ளிக்கிழமை உங்க ஹெர்மானுக்குப் பத்தாம் நாள். ஒரு பங்கை க்விரினுக்குக் குடுத்தீங்க."

"குடுத்தேன். ராத்திரி கீழ அலமாரியில லெட்டரோட வச்சேன். கதவைத் தட்டினா இப்பல்லாம் யாரும் திறக்கறதில்ல. கையில பாட்டிலைப் பாத்துட்டு, உள்ள டிவியை நிறுத்திட்டு மூச்சு விடாம நிக்கறாங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு." அவர் க்விரினைப் பார்த்தார். "நீங்களும்தான்."

க்விரின் காபிக் கோப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

"அப்புறம்?"

"ஞாயித்துக்கிழமை துணி துவைக்கப் போனேன். லெட்டரைக் காணோம், ஹெர்மான் மட்டும் அனாதையா நிக்கறான். வேணாம்னா மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்லலாமே. எனக்கு அழுகையே வந்துடுச்சு. மேல தூக்கிட்டு வந்து பாலும் சர்க்கரையும் குடுத்தேன். அன்னிக்கே நுரைச்சுட்டான். வழிஞ்சது போக மிச்சத்துலதான் இந்த கேக்."

"அது ஹெர்மான் இல்லீங்க" என்றான் க்விரின், மெதுவாக. "அது என் ஈஸ்ட்."

அவன் பிரிட்ஜ் கதவை மறுபடி திறந்து அந்தக் கோட்டைப் பார்த்தான்.

"அப்ப நான் சனிக்கிழமை இருட்டுல எடுத்து ஊத்தினது?"

ஸ்டெக்மாயர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தார். "வாளியில பால் ஊத்தினவர் நீங்கதான், க்விரின். மாவும் சர்க்கரையும் சேர்த்தே ஊத்தியிருக்கீங்க. பாட்டிலை இழுத்தப்ப நூல் அறுந்து லெட்டர் பின்னாடி விழுந்திருக்கு."

"என் ஹெர்மானை பீர்லயா போட்டீங்க?" என்றார் பிலோமினா. சமாதானப்படுத்துகிற குரல் முதல் தடவையாகக் காணாமல் போயிருந்தது.

"நீங்க மட்டும் என் ஈஸ்ட்டை கேக்ல போடலியா?"

இருவரும் ஒருவரையொருவர் அசலான அருவருப்போடு பார்த்துக்கொண்டார்கள். ஒரே தவறின் இரண்டு பாதிகளையும் ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்த ஒரே ஆள் தான்தான் என்பது பூர்கிக்கு அப்போதுதான் உறைத்தது. வயிற்றுக்குள் அவை இரண்டும் இந்நேரம் சந்தித்திருக்கும்.

மணி நாலு நாற்பது. க்விரின் எழுந்திருக்கவில்லை.

"இனிமே எந்த முகத்தோட அவன்கிட்ட பேசறது? துரோகின்னு சொன்னேன். அவன் பெண்டாட்டி முன்னாடி சொன்னேன். குழந்தை அழுதுச்சு."

"எலி விழுந்த சூப்பைப் பாத்திருக்கேன்" என்றார் ஸ்டெக்மாயர். "புழு வச்ச ஹாம்ல மேல மட்டும் சீவிட்டு வித்தவனைப் பாத்திருக்கேன். இன்னிக்குப் பாத்த அளவுக்கு எதுவும் எனக்குக் குமட்டல. பாட்டிலை மோந்து பாக்க வேண்டிய ஆளு, கூட்டாளியை மோந்து பாத்திருக்கீங்க. போனை எடுங்க."

க்விரின் எடுத்தான். அவசரத்தில் ஒலிபெருக்கிப் பொத்தானையும் சேர்த்து அழுத்திவிட்டான். பின்னணியில் ஆலை இயந்திரங்களின் இரைச்சல்.

"என்ன?" என்றது பார்ட்டிலின் குரல்.

"நான்தான்."

"தெரியுது. திட்டறதுக்கு ஏதாவது மிச்சம் இருக்கா?"

"பாலை நீ ஊத்தல."

"அது எனக்கு முதல்லயே தெரியும்."

"நான்தான் ஊத்தினேன். ஈஸ்ட்டுனு நினைச்சு... ஹெர்மானை ஊத்திட்டேன்."

பார்ட்டில் ஒரு இயந்திரத்தை நிறுத்தினான்.

"ஹெர்மானையா?"

"ஆமா."

"முழுசாவா?"

"முழு பாட்டில்."

"டேய்." பார்ட்டில் நிறுத்தி நிதானமாகப் பேசினான். "என் மேல சந்தேகப்பட்டியே, அதைக்கூட விட்டுடறேன். நாலு நாள்ல அந்த நாத்தம் நாறுமாடா எங்க பாலு? நான் ஊத்தியிருந்தா நல்ல பாலா ஊத்தியிருப்பேன்."

"மன்னிச்சுடு பார்ட்டில்."

"ராத்திரி என் பெண்டாட்டிகிட்ட வந்து சொல்லு. அவ சுலபத்துல விட மாட்டா." மறுபடி இரைச்சல். "மணி என்ன ஆச்சு பாத்தியா? பங்கு அலுவலகத்து அம்மா அஞ்சுக்கெல்லாம் பூட்டிட்டுக் கிளம்பிடும். எங்கிட்ட என்னடா பேசிட்டு நிக்கறே?"

க்விரின் படிகளில் இறங்கிய சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, சீருடையில் ஒரு பஸ் ஓட்டுநர் தெருவை ஓடிக் கடந்துகொண்டிருந்தான். கார்கள் அவனுக்காக நின்றன. பிலோமினா மூன்று தட்டுக் கேக்கையும் குப்பையில் கொட்டினார்.

சனிக்கிழமை பிற்பகல் ஸ்டெக்மாயர் தன் எழுத்து அறிக்கையை நேரில் கொடுக்க வந்தார். தபாலில் அனுப்பலாமே என்று பூர்கி சொன்னதற்கு, தபால் நிலையத்தில் யார் யார் வேலை பார்த்தார்கள் என்று தனக்குத் தெரியும் என்றார்.

நிலவறையில் வாளியைக் கொதிநீர் விட்டுத் தேய்த்து, காலையிலிருந்து காய்ச்சி ஆறவைத்த புது முளைத்தானிய மால்ட் சாறு ஊற்றி மூடியிருந்தது. பீர் ஆலையிலிருந்து வாங்கிய ஈஸ்ட்டை க்விரின் ஆறு தடவை மோந்து பார்த்தானாம். பார்ட்டில் ஏழாவது தடவை மோந்தானாம். நான்கு நாள் வாளி, இரண்டு வாரம் பாட்டில், ஞானஸ்நானத்துக்குச் சரியாக வரும். விருந்துக்கு பெஞ்சு இரவல் வாங்க, ஊர் பெஞ்சுகளை அடுக்கிவைத்திருக்கும் தீயணைப்பு நிலையத்துக்கு இரண்டு பேரும் கிளம்பினார்கள். வெளியே ஏப்ரல் மாதத்துப் பனி தூறியதால் வாளியின் குளிர்ச்சட்டையை க்விரின் மாட்டிக்கொண்டான்.

"அரை மணி நேரம் பாத்துக்கறீங்களா?" என்றான்.

"எதை?" என்றார் ஸ்டெக்மாயர், செத்த எலியைக் கையில் கொடுத்தது போல. "வாளியையா? அதென்ன எழுந்து ஓடிடுமா?"

பூர்கி காரைத் தள்ளி நிறுத்தப் போனாள். திரும்பி வரும்போது படியில் பிலோமினா பிடித்துக்கொண்டார். கையில் பாட்டில் எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே பூர்கி நின்றாள். அவள் நிலவறைக்கு இறங்கக் கால் மணி நேரம் ஆகிவிட்டது.

கதவுக்கு வெளியிலேயே அழுகிய முட்டை வாடை. ஈஸ்ட் வேலையை ஆரம்பித்தால் முதலில் அப்படித்தான் அடிக்குமாம். அவள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

கைவிளக்கு தரையில் எரிந்துகொண்டிருந்தது. வாளிமேல் ஒட்டிய வெப்பமானிப் பட்டை பதினெட்டைக் காட்டியிருக்க வேண்டும். ஏனென்றால் ஸ்டெக்மாயரின் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு இப்போது வாளியின்மேல் இருந்தது. சட்டையோடு நின்றால் யாருக்கும் நடுங்குகிற குளிர். அவர் சிமெண்டுத் தரையில், இரண்டு முட்டியும் பதிய, மூடியில் காதை வைத்திருந்தார். ஒரு குமிழி வந்தது. அறிக்கையின் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டார். இன்னொன்று வந்தது. இன்னொரு கோடு.

பூர்கி சத்தமில்லாமல் இரண்டு படி ஏறினாள். மேலே வாசலில் பெஞ்சுகளை இறக்குகிற சத்தமும், க்விரினும் பார்ட்டிலும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதும் கேட்டன. அவள் படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் இருங்க" என்றாள். "உள்ள விசாரணை நடக்குது."

கீழே அவர் கோட்டின் கழுத்துப் பொத்தானையும் போட்டுவிட்டார்.